பாஸ்க் மொழியும் ஜெர்மன் மொழியும்: அருகருகே வைத்தால் என்ன தெரிகிறது?

வடகரை

ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலை வரை படித்திருக்கிறேன். இப்போது பாஸ்க் மொழியைத் தொடங்கியிருக்கிறேன். ஸ்பெயினின் வடக்கிலும் பிரான்சின் தென்மேற்கு மூலையிலும் பேசப்படும் மொழி. பேசுகிறவர்கள் அதை எவுஸ்காரா என்கிறார்கள். இரண்டும் ஐரோப்பிய மொழிகள், இரண்டிலும் வேற்றுமைகள் உண்டு, இரண்டிலும் சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீள்கின்றன. அப்படியிருந்தும் பாஸ்க் பாடம் படிக்கும்போது ஜெர்மனைவிடத் தமிழ்தான் எனக்கு அதிகம் கைகொடுக்கிறது. இது என் மனப்பிரமையா, இலக்கணத்திலேயே அப்படித்தான் இருக்கிறதா? இரண்டையும் அறிந்தவர்கள் விளக்குங்கள். வேலைவாய்ப்பு, விசா பற்றிய பேச்சு இந்த இழையில் வேண்டாம். மொழியின் கட்டமைப்பை மட்டும் பேசுவோம்.

இலக்கணப்பித்தன்

மனப்பிரமை இல்லை நண்பரே. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

முதலில் குடும்பம். ஜெர்மன் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தது. ஆங்கிலமும் டச்சும் அதன் உடன்பிறப்புகள். ரஷ்யன், பாரசீகம், இந்தி எல்லாம் தூரத்துச் சொந்தம். பாஸ்க்குக்கோ உறவென்று நிரூபிக்கப்பட்ட மொழி இன்று உலகில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. ரோமர் காலத்தில் அக்விதானியா என்று அழைக்கப்பட்ட பகுதியின் லத்தீன் கல்வெட்டுகளில் நெஸ்காதோ, கிசோன், அந்தேரே போன்ற பெயர்கள் கிடைத்திருக்கின்றன. இன்றைய பாஸ்க்கில் நெஸ்காதோ என்றால் சிறுமி, கிசோன் என்றால் ஆண், அந்தேரே என்றால் பெருமாட்டி. அந்தப் பழைய மொழி பாஸ்க்கின் முன்வடிவம், அல்லது அதன் மிக நெருங்கிய சொந்தம். அதற்கு அப்பால் வழி அடைபட்டுவிடுகிறது.

இப்போது கட்டமைப்பு. ‘பழைய பெரிய வீடு ஒன்றில்’ என்று சொல்ல வேண்டும். ஜெர்மனில் ‘இன் ஐனெம் க்ரோஸென் ஆல்டென் ஹவுஸ்’. இடத்தைக் குறிக்கும் முன்னிடைச்சொல் முதலில் வருகிறது. அது கேட்கும் வேற்றுமையை ‘ஒரு’ என்ற சொல் ஏற்கிறது, ‘பெரிய’ ஏற்கிறது, ‘பழைய’வும் ஏற்கிறது. வீட்டைக் குறிக்கும் சொல் மட்டும் மாறாமல் நிற்கிறது. பாஸ்க்கில் ‘எச்சே சஹார் ஹந்தி பாதெயான்’: வீடு, பழைய, பெரிய, ஒன்றில். உருபு ஒரே ஒரு முறை, தொடரின் கடைசிச் சொல்லில் மட்டும் வருகிறது. நாம் ‘வீடு ஒன்றில்’ என்று சொல்லும்போது செய்வதும் இதுவே. பெயரடை பெயருக்குப் பின்னால் வருவது ஒன்றுதான் நமக்குப் புதிது.

அந்த உருபுகள் அடுக்கடுக்காகச் சேரும். எச்சே என்றால் வீடு, எச்சேரா, வீட்டுக்கு, எச்சேதிக், வீட்டிலிருந்து, எச்சேகோ, வீட்டைச் சேர்ந்த. அந்த எச்சேகோவின் மீதே மீண்டும் உருபு ஏறும்: எச்சேகோஆரெகின், வீட்டைச் சேர்ந்தவரோடு. ‘வீட்டாரோடு’ என்று ஒரே மூச்சில் சொல்லும் தமிழருக்கு இதில் வியப்பு எதுவும் இருக்காது. ஜெர்மானியருக்கு இது ஒரு முழுத் தொடர்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இனிமேல்தான் வருகிறது. பாஸ்க்கின் பெயர்ச்சொற்களில் ஆண்பால் பெண்பால் கிடையாது. ஆனால் இட வேற்றுமைகளில் உயிருள்ளவை, உயிரற்றவை என்ற பிரிவு உண்டு. வீட்டுக்கு என்றால் எச்சேரா. அம்மாவிடம் என்றால் அமாரா என்று ஆகாது, அமாரெங்கனா. வீட்டிலிருந்து எச்சேதிக், அம்மாவிடமிருந்து அமாரெங்கந்திக். நாம் வீட்டில் என்கிறோம், ஆனால் அம்மாவில் என்பதில்லை, அம்மாவிடம் என்கிறோம். அதே இடத்தில், அதே காரணத்துக்காக, பாஸ்க்கும் வேறு உருபைத் தேடுகிறது. ஜெர்மனில் பால் மூன்று. கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அலிப்பால். உணவு மேசையின் மீதே மூன்று பாலும் கிடக்கின்றன. பொருளின் இயல்பைக் கொண்டு அந்தப் பிரிவை ஊகிக்க வழியில்லை, மனப்பாடம்தான்.

பனைநிழல்

பல ஆண்டுகளாக ஜெர்மனியில் வாழ்கிறேன். இலக்கணப்பித்தன் ஐயா சொன்னவை சரிதான், ஆனால் ஜெர்மன் தமிழுக்கு அத்தனை தூரம் என்று இளையவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஜெர்மன் முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். துணைவாக்கியத்திலோ அது கடைசிக்குப் போய்விடும். ‘டாஸ் இஷ் கெஸ்டர்ன் ஐன் பூஹ் கெலேஸன் ஹாபெ’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பாருங்கள்: என்று, நான், நேற்று, ஒரு, புத்தகம், படித்து, இருக்கிறேன். ‘என்று’ மட்டும் முன்னால் வந்துவிட்டது. மற்றபடி நம் வரிசையேதான். ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிப்பவர்கள் இந்த இடத்தில் திணறுவார்கள். தமிழ் வழியாக யோசித்தால் இங்கே எந்தத் தடையும் இல்லை.

பெயரெச்சமும் உண்டு. ‘டேர் கெஸ்டர்ன் ஆன்கெகொமெனெ ப்ரீஃப்’ என்றால் நேற்று வந்த கடிதம். பேச்சில் இது அரிது. அலுவலகக் கடிதங்களிலும் செய்தித்தாள்களிலும் நிறைய வரும். பேச்சில் ‘நேற்று வந்ததே, அந்தக் கடிதம்’ என்பது போலப் பெயரை முதலில் சொல்லிவிட்டுப் பின்னால் விளக்குவார்கள்.

பிறகு, எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பிடிக்கிறது என்ற நம் நான்காம் வேற்றுமை வாக்கியங்கள். ‘மீர் இஸ்ட் கால்ட்’ என்றால் எனக்குக் குளிர்கிறது. ‘தாஸ் பூஹ் கெஃபெல்ட் மீர்’ என்றால் அந்தப் புத்தகம் எனக்குப் பிடிக்கிறது. பாஸ்க்கில் இது எப்படி?

இலக்கணப்பித்தன்

பனைநிழல் அக்கா/ஐயா, நல்ல திருத்தம். பிடிப்பதில் மூன்று மொழியும் ஒன்று: ‘லிபுருவா குஸ்தாட்சென் சாயித்’, புத்தகம் எனக்குப் பிடிக்கிறது. குளிரிலும் பசியிலும் பாஸ்க் விலகிவிடும். அங்கே ‘நான்’ என்றே தொடங்குவார்கள்.

பெயரெச்சத்தில் பாஸ்க் நமக்கு இன்னும் அருகே வருகிறது, ஏனென்றால் அங்கே அது அன்றாடப் பேச்சு. ‘நிக் இகுசி துதான் கிசோனா’: நான் பார்த்த மனிதன். ‘எது, யாரை’ என்று இணைக்கும் சொல்லே இல்லை. ஒரு வேறுபாடு உண்டு. நம் பெயரெச்சத்தில் எழுவாயைக் காட்டும் விகுதி உதிர்ந்துவிடும். பார்த்த என்பதில் பார்த்தது நானா அவளா என்று தெரியாது. பாஸ்க்கில் வினை தன் விகுதிகளோடு அப்படியே நின்று, இறுதியில் ஒரு ‘ன்’ மட்டும் சேர்த்துக்கொள்கிறது. அதனால் ‘நிக்’ என்பதை விட்டுவிட்டாலும் பார்த்தவன் நான் என்று தெரிந்துவிடும்.

தமிழும் ஜெர்மனும் ஒரு பக்கமாகவும் பாஸ்க் மறுபக்கமாகவும் நிற்கும் இடத்தை இனிப் பார்க்க வேண்டும். பாஸ்க்கின் முதுகெலும்பே அதுதான்.

‘கிசோனா எத்தோரி தா’: மனிதன் வந்திருக்கிறான். ‘கிசோனக் ஓகியா யான் து’: மனிதன் ரொட்டியைச் சாப்பிட்டிருக்கிறான். தமிழில் இரண்டிலும் மனிதன் மாறவில்லை. ஜெர்மனிலும் இரண்டிலும் ‘டேர் மன்’தான். பாஸ்க்கில் முதல் வாக்கியத்தில் கிசோனா, இரண்டாவதில் கிசோனக். செயப்படுபொருள் உள்ள வினையைச் செய்பவனுக்குத் தனி உருபு உண்டு, ‘க்’ அது. வெறுமனே வருபவன், போகிறவன், விழுபவன், சாப்பிடப்படும் ரொட்டி, இவை எல்லாம் ஒரே வேற்றுமையில் நிற்கும். நமக்கு ரொட்டியின் மீது ‘ஐ’ ஏறுகிறது. அவர்களுக்குச் சாப்பிடுகிறவன் மீது ‘க்’ ஏறுகிறது. பாரத்தை எதிர்முனையில் வைத்திருக்கிறார்கள். எர்கட்டிவ் மொழி என்று இதைத்தான் சொல்கிறார்கள். ‘கிசோனக்’ என்ற வடிவமே ‘மனிதர்கள்’ என்று பன்மையாகவும் வரும் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ‘கிசோனக் எத்தோரி திரா’ என்றால் மனிதர்கள் வந்திருக்கிறார்கள். வினையைப் பார்த்தால்தான் எது என்று விளங்கும்.

அந்த வினைகளின் கடைசியில் நிற்கும் ‘தா’, ‘து’ இரண்டையும் கவனித்தீர்களா? ‘தா’ என்பது இரு என்ற வினை. ‘து’ என்பது உடைமையைக் குறிக்கும் வினை. வந்தவன் ‘வந்து இருக்கிறான்’, சாப்பிட்டவன் ‘சாப்பிட்டு உடையவன்’. ஜெர்மன் தெரிந்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்கார வேண்டும். ‘எர் இஸ்ட் கெகொமென்’, ‘எர் ஹாட் கெகெஸென்’. அங்கேயும் வருவதற்கு ‘இரு’, சாப்பிடுவதற்கு ‘உடை’!

பனைநிழல்

அருமை. ஆனால் தூங்குவதற்கு ஜெர்மனில் ‘உடை’ என்ற துணைவினைதான் வரும்: ‘எர் ஹாட் கெஷ்லாஃபென்’. தூக்கத்துக்குச் செயப்படுபொருள் இல்லையே, அப்படியானால் பாஸ்க்கில் ‘தா’ வருமா?

இலக்கணப்பித்தன்

வராது! பாஸ்க்கில் தூங்குவதைத் தூக்கம் செய்வது என்கிறார்கள்: ‘லோ எகின் து’. வேலை செய்வது ‘லான் எகின் து’. பெயரோடு ‘செய்’ என்ற வினை சேர்வதால் தூக்கமே செயப்படுபொருளாகிவிடுகிறது. தூங்குபவன் ‘க்’ உருபை ஏற்கிறான். யாழ்ப்பாணத்தில் ‘நித்திரை கொள்கிறேன்’ என்று சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆக ஜெர்மனும் பாஸ்க்கும் இங்கேயும் ஒரே துணைவினையில் வந்து நிற்கின்றன, வந்த வழி மட்டும் வேறு. இரண்டு மொழியும் ஒன்றிடமிருந்து மற்றொன்று இதைக் கடன் வாங்கியதாகக் கொள்ளக் காரணமில்லை. ஆனால் பிரெஞ்சும் பழைய ஸ்பானிஷும் இதே பிரிவைக் கொண்டவை; மேற்கு ஐரோப்பாவின் பொதுப் பழக்கம் இது. பல நூற்றாண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தால் குடும்பம் வேறான மொழிகளும் இப்படிச் சில வழக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும்.

கடல்வழி

பாஸ்க் நாட்டு நகரமான பில்பாவோவில் படித்தவள் நான். இலக்கணப்பித்தன் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

பாஸ்க் துணைவினை எழுவாயை மட்டும் காட்டாது. எதை, யாருக்கு என்பதையும் தன்னுள் அடக்கும். ‘எமான் தியோத்’ என்றால் நான் அவனுக்கு அதைக் கொடுத்தேன். ‘எமான் திஸ்கியோத்’ என்றால் நான் அவனுக்கு அவற்றைக் கொடுத்தேன். அந்த ‘ஸ்கி’ பொருள்கள் பல என்கிறது, ‘ஓ’ அவனுக்கு என்கிறது, கடைசி ‘த்’ நான் என்கிறது. ஜெர்மனில் ‘இஷ் ஹாபெ ஸீ இம் கெகேபென்’ என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வேண்டும். தமிழ் வினை எழுவாயைக் காட்டுவதோடு நின்றுவிடும். இந்த ஒரு விஷயத்தில் நாமும் ஜெர்மானியரும் ஒரே வகுப்பு மாணவர்கள். துணைவினை அட்டவணையைக் கண்டு பயப்பட வேண்டாம், ஆனால் அதைத் தவிர்க்கவும் முடியாது.

எண்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 97 என்பதைத் தமிழில் தொண்ணூற்றேழு என்கிறோம். ஜெர்மனில் ‘ஸீபென் உண்ட் நொய்ன்ட்ஸிக்’, ஏழும் தொண்ணூறும். தொலைபேசி எண் எழுதும்போது கை பின்னோக்கிப் போகும். பாஸ்க்கில் ‘லவுரோகேய்தா ஹமசஸ்பி’, நான்கு இருபதும் பதினேழும். 20 ஹோகேய், 40 பெர்ரோகேய், 60 ஹிருரோகேய், 80 லவுரோகேய். எல்லாம் இருபதின் மடங்கு. கிழமைகளும் அழகு. திங்கள் ‘அஸ்தெலேஹென்’, வாரத்தின் முதல். செவ்வாய் ‘அஸ்தெஆர்தே’, வாரத்தின் நடு. புதன் ‘அஸ்தெஆஸ்கென்’, வாரத்தின் கடைசி. மூன்று நாள் வாரம் ஒன்று எப்போதோ இருந்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். ஜெர்மானியருக்குப் புதன்கிழமை ‘மிட்வோஹ்’, வாரத்தின் நடு.

கடல்வழி

ஒன்றை எழுத மறந்து தனிப்பதிவாக இடுகிறேன், ஏனென்றால் இதை நம் மொழிக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாஸ்க்கில் ‘சு’ என்பது நீங்கள், ‘ஹி’ என்பது நீ. ‘சு’ முற்காலத்தில் பன்மை. மரியாதைக்காக ஒருவரையே பன்மையில் அழைக்கப்போய், அதுவே ஒருமை ஆகிவிட்டது. பிறகு பலரை அழைக்க ‘சுவெக்’ என்று புதுப் பன்மை உருவாயிற்று. ஜெர்மனில் மரியாதைக்குரிய ‘ஸீ’ அவர்கள் என்ற படர்க்கைப் பன்மையிலிருந்து வந்தது. நம் ‘நீங்கள்’ போன வழி பாஸ்க்கோடு சேர்ந்தது.

‘ஹி’ போட்டுப் பேசும்போது என்ன ஆகிறதென்றால், கேட்பவர் ஆணா பெண்ணா என்பதை வினையே சொல்லும், கேட்பவருக்கும் அந்த வாக்கியத்துக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும். மழை பெய்கிறது என்பது பொதுவாக ‘எவுரியா அரி து’. நெருங்கிய தோழனிடம் ‘எவுரியா அரி திக்’. தோழியிடம் ‘எவுரியா அரி தின்’. வாக்கியத்தில் இருப்பது மழை மட்டும்தான்; ஆனாலும் யாரிடம் சொல்கிறோம் என்பது வினைக்குள் நுழைந்துவிட்டது.

வடகரை

மழை பெய்கிறதடா, மழை பெய்கிறதடி!

கடல்வழி

அதேதான் தம்பி. ஜெர்மனில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். நம் டா, டி விருப்பம்போல் சேர்ப்பது. ஒரு வாக்கியத்தில் சேர்த்து அடுத்த வாக்கியத்தில் விட்டுவிடலாம். அவர்களுக்கு ‘ஹி’ போட்டுப் பேசத் தொடங்கினால் தனி வாக்கியங்களின் வினையெல்லாம் அப்படியே மாற வேண்டும். துணைவாக்கியத்தில் மட்டும் மாறாது. ‘வந்தடா மனிதன்’ என்று நாமும் சொல்ல முடியாது அல்லவா, அதுபோல.

வருத்தமான செய்தி ஒன்று. இந்தப் பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. பெண்ணை விளிக்கும் வடிவம் ஆணை விளிக்கும் வடிவத்தைவிட வேகமாக மறைகிறது. பெண்கள் இப்படிப் பேசுவது அழகில்லை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டதன் விளைவு அது. இப்போது சில ஊர்களில் இளம்பெண்கள் பாட்டிமார்களிடம் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

குமரிமுனை

இழை முழுவதையும் படித்தேன். உயர்திணை அஃறிணை பொருந்துகிறது, உருபுகள் பொருந்துகின்றன, பெயரெச்சம் பொருந்துகிறது, டா டி கூடப் பொருந்துகிறது. அம்மாவுக்கு அமா என்கிறார்கள். நகரத்துக்கு ஹிரி என்கிறார்கள், நம் ஊர். இத்தனைக்குப் பிறகும் பாஸ்க் தமிழோடு உறவுடையது என்று சொல்ல ஏன் தயக்கம்? திராவிடமும் பாஸ்க்கும் ஒரே மூலம் என்று 1960களிலேயே லாகோவாரி என்ற அறிஞர் எழுதியிருக்கிறார். ஐரோப்பிய அறிஞர்கள் ஏற்கவில்லை என்பதற்காக நாமும் வாய்மூடி இருக்க வேண்டுமா?

இலக்கணப்பித்தன்

குமரிமுனை நண்பரே, உங்கள் ஆர்வத்தை மதித்தே மறுக்கிறேன். கட்டமைப்பு ஒத்திருப்பது உறவுக்குச் சான்று ஆகாது. உருபு பின்னால் ஒட்டுவது, வினை கடைசியில் வருவது, பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருவது, இவை மூன்றும் சேர்ந்தே நடக்கும் பழக்கமுடையவை. ஜப்பானியம், துருக்கி, கெச்சுவா எல்லாவற்றிலும் இந்தச் சேர்க்கையைப் பார்க்கலாம்.

உறவைக் காட்டுவது ஒழுங்கான ஒலி மாற்றம். நமக்குப் பால், கன்னடத்தில் ஹாலு. நமக்குப் பல், அங்கே ஹல்லு. நமக்குப் பாம்பு, அங்கே ஹாவு. ஒரு சொல் இரண்டு சொல் இல்லை. பகரம் தொடங்கும் இடத்திலெல்லாம் ஹகரம் வந்து நிற்கிறது. ஜெர்மனுக்கும் ஆங்கிலத்துக்கும் பாருங்கள்: டென் என்பது ட்ஸேன், டங் என்பது ட்ஸுங்கெ, டூத் என்பது ட்ஸான். சொல்லின் முதலில் உயிருக்கு முன் வரும் ஆங்கில ‘ட’ பொதுவாக ஜெர்மனில் ‘ட்ஸ’. இப்படி ஓர் ஒழுங்கைப் பாஸ்க்குக்கும் தமிழுக்கும் இடையே இதுவரை எவரும் காட்டியதில்லை, லாகோவாரி உட்பட. அமா போன்ற சொற்கள் குழந்தையின் முதல் ஒலிகளிலிருந்து உலகெங்கும் பிறப்பவை. எண்களைச் சொல்லிப் பாருங்கள்: பாத், பி, ஹிரு, லவு, போஸ்த். ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்தோடு எங்கே இணைக்க முடியும்?

தமிழின் பெருமைக்கு இந்த உறவு தேவையே இல்லை. பாஸ்க்குக்கும் தேவையில்லை. யாரோடும் சேராமல் இத்தனை ஆயிரம் ஆண்டு நிலைத்த மொழியை நாம் கொண்டுவந்து நம் வீட்டுக் கிளையாக்குவது அதற்குச் செய்யும் மரியாதையும் ஆகாது.

பனைநிழல்

இதே ஆசை ஜெர்மனியிலும் எழுந்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த தியோ ஃபென்னெமன், ஜெர்மானிய மொழிகள் வருவதற்கு முன் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்க்கின் உறவு மொழிகள் பேசப்பட்டன என்று வாதிட்டார். ஆற்றுப் பெயர்கள், ஊர்ப் பெயர்கள் பலவற்றுக்குப் பாஸ்க் வேர் சொன்னார். பள்ளத்தாக்குக்குப் பாஸ்க்கில் ஹாரான் என்பதால், ‘ஆர்ன்’ என்று தொடங்கும் பெயர்களை அதனோடு இணைத்தார். மியூனிக் நகரின் பெயருக்கே, துறவிகளின் இடம் என்ற வழக்கமான விளக்கத்தை விட்டுவிட்டுப் பாஸ்க் விளக்கம் தந்தார். பாஸ்க் வரலாற்றில் தேர்ந்த லாரி ட்ராஸ்க் போன்றவர்கள் இதைக் கடுமையாக மறுத்தார்கள். இன்றைய பாஸ்க் சொல்லை எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுக்கு முந்தைய பெயரோடு ஒட்டக் கூடாது. அந்தச் சொல் அன்று எப்படி ஒலித்தது என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது மறுப்பின் சாரம். பாஸ்க் மொழியியலாளர் கோல்தோ மிச்செலேனா 1961இல் வெளியிட்ட ஒலி வரலாற்று ஆய்வுக்குப் பிறகு, அப்படிப் பார்க்கும் வழி நம் கையில் இருக்கிறது.

ஆனால் ஜெர்மானியர் பாஸ்க்குக்குச் செய்த நன்மையை மறைத்துவிடக் கூடாது. ஜெர்மன் மொழி அறிஞர் வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட் 1801இல் பாஸ்க் நாட்டுக்கென்றே பயணம் போனார். மர்கினாவில் மோகெல், துராங்கோவில் அஸ்தார்லோவா என்ற உள்ளூர்ப் பாதிரியார்களிடம் உட்கார்ந்து கற்றார். ஒரு மொழி அதைப் பேசும் மக்களின் உலகப் பார்வையைத் தாங்கியிருக்கிறது என்ற அவருடைய பிற்காலச் சிந்தனைக்கு இந்தப் பயணம் உரமானது. ரோமர்களுக்கு முன் ஸ்பெயினில் பேசப்பட்ட பழைய ஐபீரிய மொழியே பாஸ்க்கின் மூலம் என்று 1821இல் எழுதினார். 1920களில் ஐபீரிய எழுத்துகளின் ஒலிப்பு தெரியவந்தபோது, பாஸ்க்கின் உதவியால் அவற்றின் பொருளை அறிய முடியவில்லை. அந்த முடிவு நிற்கவில்லை. அந்த மொழியைக் கள ஆய்வு செய்யத் தகுந்ததாக ஐரோப்பாவுக்குக் காட்டிய செயல் நிற்கிறது. அவருக்குப் பின் கோத்தாவில் பிறந்து கிராட்ஸில் வாழ்ந்த ஹூகோ ஷூகார்ட், பாஸ்க் வினையின் அமைப்பை விளக்குவதில் பல ஆண்டுகளைச் செலவிட்டார்.

குமரிமுனை

விளக்கத்துக்கு நன்றி. ஆனாலும் ஒரு கேள்வி. ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பிய விதி. பாஸ்க்கிலும் அப்படியே என்று படித்தேன். இதுவும் தற்செயல்தானா?

இலக்கணப்பித்தன்

ஆம், இரண்டு மொழியும் ரகரத்தில் தொடங்க மறுக்கின்றன. ரஷ்யா அவர்களுக்கு எர்ருசியா, நம் பழைய வழக்கில் உருசியா. லத்தீன் ‘ரெகெம்’ அவர்களுக்கு எர்ரெகே, அரசன். ரோஜா அவர்களுக்கு அர்ரோசா, நமக்கு உரோசா. நாக்கைச் சுழற்றும் முன் ஓர் உயிரை வைத்துக்கொள்வது மனித வாய்க்கு எளிது. துருக்கியிலும் இந்தப் பழக்கம் இருந்திருக்கிறது. ஜெர்மனுக்கு இந்தத் தடை இல்லை. அவர்கள் ‘ராத்’, ‘ரோட்’, ‘ரெக்ட்’ என்று தாராளமாகத் தொடங்குவார்கள்.

கிளிஞ்சல்

நீண்ட நாள் வாசகி, முதல் முறை எழுதுகிறேன். பாஸ்க்கில் செர்ரிப் பழத்துக்கு கெரெசி, ஜெர்மனில் கிர்ஷெ. ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஆங்கிலம் எல்லாம் ‘ச’, ‘ஸ’ என்று தொடங்கும்போது இந்த இரண்டில் மட்டும் ககரம் ஏன்?

இலக்கணப்பித்தன்

மிக நல்ல கேள்வி அம்மா. இரண்டும் லத்தீனிடமிருந்து வாங்கிய சொற்கள். ரோமர்கள் அந்த எழுத்தை முதலில் ‘க’ என்றே உச்சரித்தார்கள். சீசரைக் கைசர் என்றார்கள். பிறகு ‘இ’, ‘எ’ முன்னால் அந்த ஒலி மென்மையாகிச் ‘ச’, ‘ஸ’ ஆனது. ஸ்பானிஷும் பிரெஞ்சும் அந்த மாற்றத்தோடு வளர்ந்தன. அதற்கு முன்பே ரோமப் படைகளோடும் வணிகர்களோடும் பழகிய இரண்டு அயல்மொழிகள், ரைன் கரையில் ஒன்றும் பிரனீஸ் மலையடிவாரத்தில் ஒன்றும், பழைய ககரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டன. ஜெர்மனில் கைஸர், கெல்லர். பாஸ்க்கில் சமாதானத்துக்கு பாகே, லத்தீன் ‘பாகெம்’. செத்துப்போன உச்சரிப்பை அதன் சொந்தப் பிள்ளைகள் விட்டுவிட, அயலார் காப்பாற்றினார்கள். இந்த இரண்டு மொழிக்கும் இடையே உண்மையான பந்தம் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கடல்வழி

எழுத்து வரலாற்றையும் ஒப்பிட வேண்டும். லூதரின் புதிய ஏற்பாடு ஜெர்மனில் 1522இல் வந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1571இல், நவார்ரா அரசி ழான் தால்ப்ரேயின் ஆதரவில் லெய்சார்ராகா பாஸ்க் புதிய ஏற்பாட்டை லா ரோஷெலில் அச்சிட்டார். வீட்டுக்கு வீடு பேச்சு மாறுகிறதே என்று அவர் முன்னுரையிலேயே கவலைப்பட்டார். எல்லோருக்கும் விளங்கும் ஒரு நடையை அமைக்க முயன்றார். லூதருக்கு இருந்த பின்பலம், அதாவது அரசு அலுவலகங்களின் எழுத்துமொழி, அச்சகங்கள், படிக்கும் நகரமக்கள், இவருக்கு இல்லை. அந்தப் புராட்டஸ்டன்ட் முயற்சி அங்கேயே நின்றுபோனது.

பாஸ்க்குக்குப் பொது எழுத்துமொழி அமைய 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்பெயினில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, அரான்ட்சாசு மடாலயத்தில் பாஸ்க் மொழிக் கழகம் கூடி, மிச்செலேனாவின் அறிக்கையை வைத்துத் தொடங்கியது. அப்போது மூண்ட பெருஞ்சண்டை ஹகரத்தைப் பற்றியது. பிரனீஸ் மலைக்கு வடக்கே அதை உச்சரிக்கிறார்கள், தெற்கே உச்சரிப்பதில்லை. உச்சரிக்காத எழுத்தை நான் ஏன் எழுத வேண்டும் என்று தெற்கில் பலர் கொதித்தார்கள். பல ஆண்டு பகை அது. ஜெர்மனியில் 1996இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோதும் பெரிய நாளிதழ்களே பழைய எழுத்துக்குத் திரும்பிப் போராடின. ஜெர்மனுக்கு அந்தச் சண்டையால் ஆபத்து ஒன்றும் இல்லை. ஏறத்தாழ 7.5 லட்சம் பேர் பேசும், பள்ளிகளிலிருந்து விரட்டப்பட்டிருந்த ஒரு மொழி அதே சண்டையை நடத்திக்கொண்டே பொது எழுத்தையும் நிலைநாட்டிவிட்டது. இன்று ஸ்பெயின் பக்கத்துப் பிள்ளைகள் கணிதமும் அறிவியலும் அந்த எழுத்துமொழியில் படிக்கிறார்கள். பிரான்ஸ் பக்கத்தில் அதற்கு இன்னும் அரசுமொழித் தகுதி இல்லை என்பது எனக்குத் தாங்க முடியாத கோபம்.

வடகரை

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. என் ஜெர்மன் அறிவை பாஸ்க்கில் பயன்படுத்தக் கூடிய இடம் ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள். ‘இரு’, ‘உடை’ துணைவினைகள் புரிந்தன. வாக்கிய வரிசையில் ஏதாவது உண்டா?

இலக்கணப்பித்தன்

உண்டு. ‘யோனெக் ஓகியா யான் து’: யோன், ரொட்டி, சாப்பிட்டு, உடையவன். இது ஜெர்மன் துணைவாக்கியத்தின் வரிசை: ‘டாஸ் யோன் தாஸ் ப்ரோட் கெகெஸென் ஹாட்’.

இப்போது எதிர்மறையாக்குங்கள். ‘யோனெக் எஸ் து ஓகியா யான்’: யோன், இல்லை உடை, ரொட்டி, சாப்பிட்டு. துணைவினை முன்னால் தாவிவிட்டது, முதன்மை வினை கடைசியில் தனியாக நிற்கிறது, ரொட்டி இரண்டுக்கும் நடுவில். இது ஜெர்மன் முதன்மை வாக்கியத்தின் வரிசை: ‘யோன் ஹாட் தாஸ் ப்ரோட் நிஷ்ட் கெகெஸென்’. தமிழில் இப்படி வினையைப் பிளந்து நடுவில் பொருளை வைக்க முடியாது. ஆகவே பாஸ்க்கில் உடன்பாட்டு வாக்கியம் எழுதும்போது தமிழை நினைத்துக்கொள்ளுங்கள். ‘எஸ்’ போட்டதும் ஜெர்மனுக்கு மாறிவிடுங்கள். பத்து வாக்கியம் இப்படி எழுதி இங்கே இடுங்கள், கடல்வழி அம்மாவும் நானும் பார்த்துச் சொல்கிறோம்.

கடல்வழி

இடுங்கள் தம்பி. கேள்வி வாக்கியமும் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். வினாச்சொல்லை வினைக்கு ஒட்டி முன்னால் வையுங்கள். ‘ஓகியா நோர்க் யான் து?’ ரொட்டியை யார் சாப்பிட்டது?